ராக்எம் கார்டைக் காட்டவில்லையா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் மாலை வேளைகளில் கணினி பழுது பார்த்துக் கொடுக்கிறேன். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள், ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டைக் கணக்குப் போட வைக்கும் ராக்எம் மென்பொருளோடு மல்லாடிவிட்டு, சிபியு பெட்டியைக் கோணிப்பையில் சுற்றி, ஸ்கூட்டரின் முன்பக்கம் நிறுத்திக் கொண்டுவருவார்கள். உள்ளே நுழைந்ததும் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “அண்ணா, ராக்எம் போட்டேன், கார்டே இல்லன்னு சொல்லுதுண்ணா. நாலு வாட்டி உபுண்டு மாத்திப் போட்டுப் பாத்துட்டேன்.”

உபுண்டு என்பது லினக்ஸ் வகை இயங்குதளம். அந்த நாலு வாட்டியைக் கேட்கும்போது மனசு கஷ்டப்படும். ராக்எம்மை முழுதாக இறக்கினால் பல ஜிபி டேட்டா போய்விடும். அதுவும் போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்குகிற பிள்ளைகள். இத்தனை செலவழித்தும் பழுது இருக்கும் இடத்தை ஒரு முறைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாயையா மாற்றுவோம்? தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, கேட்வால்வு திறந்திருக்கிறதா என்று கீழேயிருந்து பார்த்துக்கொண்டு வருவோம். இதுவும் அப்படித்தான்.

ராக்எம் என்பது ஏஎம்டி 2016-ல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் தொகுப்பு. கிராபிக்ஸ் கார்டை கேம் ஆடுவதற்குப் பதிலாகக் கணக்குப் போட வைக்கும். அது ஓட வேண்டுமானால் ஐந்து இடங்கள் சரியாக இருக்க வேண்டும். அடியில் கார்டும் மதர்போர்டும். அதன் மேல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இருந்து கார்டை இயக்கும் ஏஎம்டிஜிபியு டிரைவர். அதற்குள்ளேயே கணக்கு வேலைக்கென்று கேஎஃப்டி என்ற பகுதி இருக்கிறது. முதலில் தனி மாட்யூலாக இருந்தது, பிறகு ஏஎம்டிஜிபியுவுக்குள் சேர்த்துவிட்டார்கள். மூன்றாவது, உங்கள் யூசர் கணக்குக்கு கேஎஃப்டி என்ற அந்தக் கதவைத் திறக்க அனுமதி. நான்காவது ராக்எம் லைப்ரரிகள், அதாவது கணக்கு வேலைகளுக்கான தயார் நிரல் தொகுதிகள். உச்சியில் பைடார்ச் மாதிரி இயந்திரக் கற்றல் நிரல்கள். திரையில் வரும் பிழைச்செய்தியை நிதானமாகப் படித்தால் பழுது எந்தப் படியில் என்று அதுவே சொல்லிவிடும். கீழ்ப்படி உடைந்திருக்கும்போது மேல்படியைக் கழற்றி மாட்டுவதில் பயனே இல்லை.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எல்எஸ்பிசிஐ பட்டியலிலேயே கார்டு இல்லை

போர்டில் மாட்டியிருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை, கழித்தல் குறி போட்ட என்என்கே என்ற மூன்றெழுத்தோடு சேர்த்து ஓட்டுங்கள். ஏஎம்டி கார்டு இருந்தால் 1002 என்று தொடங்கும் அடையாள எண் ஒன்று வரும். 1002 ஏஎம்டி கிராபிக்ஸுக்கான நிறுவன எண், அதற்குப் பின்னால் வருவது கார்டின் எண். ஆர்எக்ஸ் 6600 என்றால் 73எஃப்எஃப். அந்த வரியே வரவில்லை என்றால் மென்பொருளை மறந்துவிடுங்கள். பழுது இரும்பில், அதாவது கார்டு, போர்டு, ஒயர் பக்கம்.

பவர் ஒயர் முழுதாக ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கார்டைக் கழற்றி ஸ்லாட்டில் போகும் தங்கப்பட்டையைப் பாருங்கள். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு சிபியுவில் அந்தப் பட்டையின் ஓரம் மங்கி, கால்வாசி நீளத்துக்குப் பச்சைப் புள்ளி பூத்திருந்தது. வீடு கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி. சிபியு இருந்ததோ ஜன்னலுக்கு நேர் கீழே. பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தேன். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு மாட்டினேன். அடுத்த பூட்டிலேயே கார்டு வந்துவிட்டது. அந்தப் பையன் அதற்குள் புது பவர் சப்ளை வாங்கியிருந்தான். கடலோரம் இருப்பவர்கள் சிபியுவை ஜன்னலைவிட்டுத் தள்ளி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கார்டைக் கழற்றிப் பாருங்கள்.

கார்டை மாட்டினால் போர்டே பூட் ஆகவில்லை, அல்லது கர்னல் பதிவில் ‘பார்’ நினைவகத்துக்கு (கார்டின் நினைவகத்தை அணுகும் முகவரி இடம்) இடமில்லை என்று வருகிறது என்றால், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போங்கள். அபோவ் 4ஜி டீகோடிங்கை ஆன் செய்யுங்கள். பழைய பூட் முறையான சிஎஸ்எம்மை ஆஃப் செய்யுங்கள். 16 ஜிபி, 32 ஜிபி நினைவகம் கொண்ட சர்வர் கார்டுகளில் இது அடிக்கடி வரும்.

கார்டு தெரிகிறது, டிரைவர் ஏறவில்லை

அதே பட்டியலில் கார்டின் கீழே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கும். அதில் ஏஎம்டிஜிபியு என்று வர வேண்டும். அந்த வரியே இல்லை என்றால் இரண்டு காரணம்தான் பெரும்பாலும்.

ஒன்று, நோமோட்செட். உபுண்டு போடும்போது திரை கறுத்துப் போகிறது என்று யாரோ சொல்லிக்கொடுத்து, லினக்ஸைத் தொடங்கி வைக்கும் க்ரப்பில் அந்தச் சொல்லைச் சேர்த்திருப்பார்கள். போட்டு முடித்த பிறகு எடுக்க மறந்திருப்பார்கள். அது இருக்கும்வரை ஏஎம்டிஜிபியு ஏறாது. க்ரப் கோப்பில் அந்தச் சொல்லை அழித்து, அப்டேட்-க்ரப் ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மற்றது ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள் ஏற்றும் சிறு நிரல். கர்னலின் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் ஏஎம்டிஜிபியு என்று தேடுங்கள். ஃபர்ம்வேர் லோடு தோல்வி, பிழை எண் கழித்தல் 2 என்று இருந்தால் கோப்பு இல்லை என்று அர்த்தம். உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்தால் போதும். டெபியனில் ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராபிக்ஸ் என்ற தனித் தொகுப்பு வேண்டும்.

புதுக் கார்டுக்குப் பழைய கர்னல் என்ற பொருத்தமின்மையும் இங்கேதான் தலைகாட்டும். உபுண்டு 22.04 முதலில் 5.15 கர்னலோடு வந்தது. அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த கார்டுகளை அந்தக் கர்னல் எப்படி அறியும்? உபுண்டு தரும் புதிய எச்டபிள்யூஇ கர்னலுக்கு மாறுங்கள், அல்லது 24.04-க்குப் போய்விடுங்கள்.

இயங்குதளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ராக்எம்மின் ஆதரவுப் பட்டியலில் உபுண்டு என்றால் 22.04, 24.04 மாதிரி நீண்டகால ஆதரவுப் பதிப்புகள்தான். நடுவில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் 24.10, 25.04 போன்றவை அதில் இல்லை. ரெட் ஹாட், சூசே சர்வர் பதிப்புகள் உண்டு. காளி லினக்ஸ் இல்லை. பட்டியலில் இல்லாத இயங்குதளத்தில் ஓடவே ஓடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு பிழை வந்தால் உங்கள் தவறா, இயங்குதளத்தின் தவறா என்று பிரித்தறிய முடியாது. கற்றுக்கொள்கிற காலத்தில் அந்தச் சுமை எதற்கு? 24.04 போடுங்கள்.

டெவ் அடைவில் கேஎஃப்டி இல்லை

திரை நன்றாக வருகிறது, கேம்கூட ஓடுகிறது, ஆனால் ராக்எம் மட்டும் கார்டு இல்லை என்கிறது. சாதனக் கோப்புகள் இருக்கும் டெவ் அடைவுக்குள் கேஎஃப்டி என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். படம் காட்டும் வேலைக்கு டிஆர்ஐ அடைவு, கணக்கு வேலைக்கு கேஎஃப்டி. இரண்டும் வெவ்வேறு கதவுகள். ஒன்று திறந்திருப்பதால் மற்றதும் திறந்திருக்கும் என்று எண்ணக் கூடாது.

கேஎஃப்டி இல்லை, அல்லது இருந்தும் கார்டு அதில் சேரவில்லை என்றால் டிமெஸ்ஜியில் கேஎஃப்டி என்று தேடுங்கள். ‘ஸ்கிப்டு டிவைஸ், பிசிஐ ரிஜெக்ட்ஸ் அடாமிக்ஸ்’ என்று ஒரு வரி இருந்தால் கதை தெளிவு. சிபியு சிப்பும் கார்டும் ஒரே நினைவக இடத்தை ஒரே நேரத்தில் மாற்றும்போது குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளும் வசதிக்குப் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாமிக்ஸ். இன்டெலில் நான்காம் தலைமுறையான ஹாஸ்வெல்லில் தொடங்கியும், ஏஎம்டியில் ரைசனில் தொடங்கியும் அது உண்டு. அதற்கு முந்தைய போர்டுகளில் கிடையாது.

மலிவாகக் கிடைக்கிறது என்று எக்ஸ்79 போர்டும் இன்டெல் ஜியான் இ5 2650 வி2 சிபியு சிப்பும் வாங்கியவர்கள் இங்கே மாட்டுவார்கள். வி2 என்றால் ஐவி பிரிட்ஜ், அடாமிக்ஸ் இல்லை. வி3 என்றால் ஹாஸ்வெல், உண்டு. ஒரு எண்தான் வித்தியாசம், வாங்கும்போது யாரும் கவனிப்பதில்லை.

புது போர்டிலும் இந்த வரி வந்தால் கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். சிபியுவோடு நேராக இணைந்த மேல் ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். சிப்செட் வழியாகப் போகும் கீழ் ஸ்லாட்டிலும், கிரிப்டோ மைனிங்குக்கான ரைசர் ஒயரிலும் மாட்டிய கார்டுகள் இதே காரணத்தால் படுத்துவிடும். சில தலைமுறைக் கார்டுகளுக்குப் புது ஃபர்ம்வேர் போட்டால் கர்னல் இந்த நிபந்தனையைத் தளர்த்தும். ஆர்எக்ஸ் 580 போன்ற போலாரிஸ் தலைமுறைக்கு அந்தச் சலுகை இல்லை.

பெர்மிஷன் டினைட்

ராக்எம்முக்குத் தெரியும் கார்டுகளைப் பட்டியலிடும் ராக்எம்இன்ஃபோ ஓட்டினால் கேஎஃப்டியைத் திறக்க முடியவில்லை, நீங்கள் ரெண்டர் குழுவில் இல்லை என்று வரும். செய்தியே மருந்தைச் சொல்லிவிட்டது. யூசர்மாட் கட்டளையால் உங்கள் கணக்கை ரெண்டர், வீடியோ இரண்டு குழுக்களிலும் சேருங்கள். முழுதாக லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் பழைய அனுமதிதான் இருக்கும்.

ரூட் அதிகாரம் தரும் சூடோ போட்டால் ஓடுகிறதே என்று அப்படியே தொடராதீர்கள். பைதான் சூழலும் கேஷ் கோப்புகளும் ரூட் கணக்குக்குப் போய், அடுத்த வாரம் வேறு பிழையாக வரும்.

நிரல்களைத் தனிக் கன்டெய்னரில் ஓட்டும் டாக்கருக்குள் இதே பிழை வந்தால் கேஎஃப்டி, டிஆர்ஐ இரண்டையும் டிவைஸாக உள்ளே அனுப்பினீர்களா என்று பாருங்கள். அனுப்பியும் வந்தால், ரெண்டர் குழுவின் எண் வெளியே ஒன்றாகவும் கன்டெய்னருக்குள் வேறாகவும் இருக்கும். குழுவின் பெயரைக் கொடுக்காமல் வெளியே உள்ள எண்ணைக் கொடுங்கள்.

ராக்எம்இன்ஃபோ கார்டின் பெயரைச் சொல்கிறது, பைடார்ச் ஃபால்ஸ் என்கிறது

கீழே மூன்று படியும் சரி என்று இதற்கு அர்த்தம். கர்னலைத் தொடாதீர்கள். பைடார்ச்சில் கேட்க வேண்டியது டார்ச்.குடா.இஸ்_அவைலபிள்தான். ஏஎம்டி கார்டுக்கும் என்விடியாவின் குடா என்ற பெயரில்தான் கேட்க வேண்டும், அதில் தவறில்லை. டார்ச்.வெர்ஷன்.ஹிப் என்று கேளுங்கள். பதில் நன் என்று வந்தால் நீங்கள் இறக்கியது என்விடியாவுக்கான பதிப்பு, அல்லது சிபியுவுக்கு மட்டுமான பதிப்பு. பிப் இன்ஸ்டால் டார்ச் என்று வெறுமனே தட்டினால் ராக்எம் பதிப்பு வராது. பைடார்ச் தளத்தில் ராக்எம் என்று தேர்ந்தெடுத்தால் தனி இன்டெக்ஸ் முகவரியோடு ஒரு கட்டளை தரும். பழையதை நீக்கிவிட்டு அதை ஓட்டுங்கள்.

நோ பைனரி ஃபார் ஜிபியு, இன்வாலிட் டிவைஸ் ஃபங்ஷன்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இருக்கும் கார்டுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் நிற்கிறது.

கடையில் விற்கும் பெயரை ராக்எம் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சிப்புக்கும் ஜிஎஃப்எக்ஸ் எண் ஒன்று உண்டு. ஆர்எக்ஸ் 6800, 6900 எக்ஸ்டி எல்லாம் ஜிஎஃப்எக்ஸ் 1030. ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி 1031. ஆர்எக்ஸ் 6600 என்றால் 1032. 7900 எக்ஸ்டிஎக்ஸ் 1100, ஆர்எக்ஸ் 7600 என்றால் 1102. சிபியுவுக்கு நிரல் எழுதி ஒரு முறை கம்பைல் செய்தால் எல்லா இன்டெல், ஏஎம்டி சிபியுவிலும் ஓடும். ஜிபியுவில் அப்படி இல்லை. ராக்எம் லைப்ரரிகளை எந்த எண்களுக்கெல்லாம் கம்பைல் செய்திருக்கிறார்களோ அந்தச் சிப்புகளில்தான் ஓடும். 1030-க்கான நிரல்கோடு தொகுப்பில் இருக்கிறது, ஏனென்றால் அதே சிப் கொண்ட ரேடியான் புரோ டபிள்யூ6800 ஆதரவுப் பட்டியலில் உண்டு. 1031-க்கும் 1032-க்கும் அதிகாரப்பூர்வத் தொகுப்பில் நிரல்கோடு இல்லை. அதனால்தான் டிரைவர் ஏறுகிறது, ராக்எம்இன்ஃபோ பெயர் சொல்கிறது, பைடார்ச் ட்ரூ என்கிறது, ஆனால் முதல் கணக்கைக் கொடுத்ததும் ‘நோ பைனரி’ என்று விழுகிறது. ராக்பிளாஸ் லைப்ரரியிலிருந்து வந்தால் ‘டென்சைல் லைப்ரரி படிக்க முடியவில்லை, ஜிஎஃப்எக்ஸ் 1032’ என்கிற மாதிரி எண்ணோடே சொல்லும்.

1030, 1031, 1032 மூன்றும் ஒரே குடும்பம். கட்டளைத் தொகுதி ஒன்றுதான், உள்ளே இருக்கும் கணக்குப் போடும் கூறுகளின் எண்ணிக்கைதான் வேறு. அதனால் 1032 கார்டை 1030 என்று ராக்எம்மிடம் சொல்லலாம். அதற்காக, நிரலை ஓட்டும் முன் டெர்மினலில் வைக்க வேண்டிய சூழல் மாறியின் பெயர் எச்எஸ்ஏ_ஓவர்ரைடு_ஜிஎஃப்எக்ஸ்_வெர்ஷன். எல்லாம் பெரிய எழுத்து, நடுவில் அடிக்கோடு. அதற்கு 10.3.0 என்று மதிப்புக் கொடுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி ஆர்எக்ஸ் 6600 வைத்திருந்தாள். மீன் படத்தைப் பார்த்து வஞ்சிரமா, சங்கராவா, கிழங்கானா என்று பிரிக்கும் இறுதியாண்டு புராஜெக்ட். மூன்று நாளாக ‘இன்வாலிட் டிவைஸ் ஃபங்ஷன்’. என் மேசையில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை அவளே தட்டினாள். ஓட்டியதும் திரை அசையாமல் நின்றது. பத்து விநாடி, இருபது விநாடி. “தொங்கிடுச்சாண்ணா?” என்று கன்ட்ரோல் சி அழுத்தப் போனவளைத் தடுத்தேன். படங்களை அலசும் கன்வல்யூஷன் கணக்குகளுக்கான மிஓப்பன் லைப்ரரி, முதல் முறை ஓடும்போது அந்தக் கார்டுக்கேற்ற நிரல்கோட்டை அங்கேயே கம்பைல் செய்து வீட்டு அடைவின் கேஷில் போட்டுக்கொள்ளும். முதல் தடவை மட்டும்தான் அந்தக் காத்திருப்பு. ஒரு நிமிடத்துக்குள் முதல் எபாக்கின், அதாவது முதல் பயிற்சிச் சுற்றின், வரி நகர்ந்தது. கார்டு விசிறி சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

இந்த வரி மந்திரம் இல்லை. ஏஎம்டி இதற்கு உத்தரவாதம் தரவில்லை. ஒரே குடும்பத்துக்குள்தான் இதைச் செய்ய வேண்டும். 1102-க்கு 11.0.0 கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் எந்தக் கார்டாக இருந்தாலும் 10.3.0 கொடு என்று பரப்புகிறவர்களை நம்பாதீர்கள். குடும்பம் மாறினால் கட்டளையே மாறும். கார்டு தொங்கலாம். அதைவிடக் கொடுமை, தொங்காமலே தப்பான விடை தரலாம். அதனால் ஓவர்ரைடு போட்டு ஓடிய கையோடு ஒரே அணிப்பெருக்கத்தைச் சிபியுவிலும் ஜிபியுவிலும் செய்து, இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தசமப் புள்ளிக்கு வெகு பின்னால் சிறு வித்தியாசம் வருவது சகஜம். முன்னால் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

ரைசன் சிபியுவுக்குள்ளேயே சிறு ஜிபியு இருந்தால் இன்னொரு சிக்கல். நிரல் அந்தச் சிறு ஜிபியுவைப் பிடித்துக்கொண்டு விழும். ராக்எம்இன்ஃபோ பட்டியலில் இரண்டு ஜிஎஃப்எக்ஸ் பெயர் வந்தால் இதுதான். ஹிப்_விசிபிள்_டிவைசஸ் மாறியில் பெரிய கார்டின் வரிசை எண்ணை மட்டும் கொடுங்கள், அல்லது பயாஸில் உள்ஜிபியுவை அணைத்துவிடுங்கள். நான் இரண்டாவதையே செய்யச் சொல்வேன். குழப்பம் வேரோடு போய்விடும்.

ஆர்எக்ஸ் 580 வைத்திருக்கிறேன், எதுவுமே ஓடவில்லை

2022 செப்டம்பரில் எத்தீரியம் கிரிப்டோ நாணயம் மைனிங் தேவையில்லாத முறைக்கு மாறியதும் மைனிங் கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கொட்டின. பலர் வீட்டிலும் இருப்பது ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. ஜிஎஃப்எக்ஸ் 803, போலாரிஸ். ராக்எம் 4 தொடரிலேயே இதற்கான அதிகாரப்பூர்வ ஆதரவு முடிந்துவிட்டது. இதற்கு ஓவர்ரைடு வேலை செய்யாது, ஏனென்றால் அந்தக் குடும்பத்துக்கே தொகுப்பில் நிரல்கோடு இல்லை.

நானும் ஒரு 580 வாங்கி ஏமாந்திருக்கிறேன். கடைக்காரர் 580 என்று கொடுத்தார். வீட்டில் எல்எஸ்பிசிஐ பார்த்தால் 67டிஎஃப் வர வேண்டிய இடத்தில் 6எஃப்டிஎஃப். அது 2048எஸ்பி என்ற குறைந்த வகை. முழு 580-ல் 2304 ஷேடர் கூறுகள், இதில் 2048. திருப்பிக் கொண்டுபோனால் “அதுவும் 580தாம்பா” என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து கடையிலேயே எண்ணைப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை.

ஆனால் 580-ஐத் தூக்கிப் போட வேண்டாம். ராக்எம்தான் ஓடாது, கார்டு செத்துவிடவில்லை. மொழி மாதிரிகளை ஓட்டும் லாமா.சிபிபி நிரலை வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகம் வழியாகக் கம்பைல் செய்தால், மெசா என்ற திறந்த மூலத் தொகுப்பின் ஆர்ஏடிவி டிரைவரில் அந்த மாதிரிகள் இந்தக் கார்டில் ஓடும். 8 ஜிபிக்குள் அடங்கும் மாதிரி என்றால் தாராளமாக. ஓப்பன்சிஎல் என்ற பொதுவான கணக்கு இடைமுகம் மட்டும் போதும் என்றால் மெசாவின் ரஸ்டிசிஎல் இருக்கிறது. ரஸ்டிசிஎல்_எனேபிள் மாறிக்கு ரேடியான்எஸ்ஐ என்று மதிப்புக் கொடுத்து சிஎல்இன்ஃபோ ஓட்டிப் பாருங்கள்.

நன்றாக ஓடி, நடுவில் நின்றுவிடுகிறது

பயிற்சி பாதியில் திரை உறைகிறது. டிமெஸ்ஜியில் ‘ரிங் டைம்அவுட்’, ‘ஜிபியு ரீசெட் பிகின்’. எல்லாரும் டிரைவரைத்தான் சந்தேகிப்பார்கள். நான் முதலில் மின்சாரத்தைக் கேட்பேன்.

நம் வீடுகளில் சிபியு பெட்டி பெரும்பாலும் 600 விஏ யுபிஎஸ்ஸில் இருக்கும். அதன் உண்மைத் திறன் 360 வாட் அளவுதான். ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி மட்டுமே 230 வாட் இழுக்கும். சிபியுவும் மானிட்டரும் சேர்ந்து முழுச் சுமை வரும் நேரம் அது தாங்காது. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. பயிற்சி தொடங்கி இரண்டாம் நிமிடத்தில் விழும். சோதிப்பது எளிது. யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் போட்டு ஒரு முறை ஓட்டுங்கள். அப்போதும் நின்றால் பவர் சப்ளையாக இருக்கலாம், நிற்கவில்லை என்றால் யுபிஎஸ். ஏசி ஓடும் இரவு நேரத்தில் மட்டும் நிற்கிறது என்றால் வீட்டு வோல்டேஜை அளந்து பாருங்கள்.

பிறகு சூடு. கார்டின் நிலையைக் காட்டும் ராக்எம்-எஸ்எம்ஐ ஓட்டி ஜங்ஷன் வெப்பநிலையைப் பாருங்கள். எட்ஜ் என்று வருவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஜங்ஷன்தான் சிப்பின் மிகச் சூடான புள்ளி. பல ரேடியான் கார்டுகளுக்கு 110 டிகிரி எல்லை. மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில் 105-ஐச் சாதாரணமாகத் தொடும். பழைய மைனிங் கார்டில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்து மண்ணாகியிருக்கும், அதை மாற்றுங்கள். எண்ணூர், மணலிப் பக்கம் என்றால் ஹீட்சிங்க் இடுக்கில் சாம்பல் தூசு கெட்டிப்பட்டிருக்கும், ஊதினால் போகாது, விசிறியைக் கழற்றிப் பிரஷால் எடுக்க வேண்டும். அதற்கும் மேல் ராக்எம்-எஸ்எம்ஐயிலேயே மின்சார உச்சவரம்பான பவர் கேப்பைக் கார்டு அனுமதிக்கும் அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகக் குறையும்.

மலிவாக வரும் எம்ஐ50 சர்வர் கார்டில் விசிறியே கிடையாது. 300 வாட் கார்டு அது. சர்வர் பெட்டியின் முன்விசிறிகளை நம்பிச் செய்தது. வீட்டுப் பெட்டியில் புளோயர் விசிறி பொருத்தாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். அதன் ஜிஎஃப்எக்ஸ் 906-ம் ராக்எம் 5.7-க்குப் பிறகு பராமரிப்பு நிலைக்குப் போய், அந்தப் பராமரிப்பும் முடிந்துவிட்டது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை

இரவோடு இரவாகக் கர்னல் புதுப்பிப்பு வந்திருக்கும். ஏஎம்டி தனியாகத் தரும் டிரைவரான ஏஎம்டிஜிபியு-டிகேஎம்எஸ் தொகுப்பு ஒவ்வொரு கர்னலுக்கும் டிரைவரை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கர்னல் அதைவிடப் புதியது என்றால் கம்பைல் தோற்கும். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் ஓட்டினால் எந்தக் கர்னலுக்கு ஏறியிருக்கிறது என்று வரும், யுநேம் ஆர் ஓட்டினால் இப்போது ஓடும் கர்னல். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் க்ரப்பில் பழைய கர்னலைத் தேர்ந்து பூட் செய்யுங்கள். வேலை அன்றே தொடரும். கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்து, ‘கீ ரிஜெக்டட்’ என்று வந்தால் மாட்யூலின் கையெழுத்தை இயந்திரம் ஏற்கவில்லை. எம்ஓகே சாவியைப் பதியுங்கள், அல்லது செக்யூர் பூட்டை அணையுங்கள்.

வீட்டுக் கார்டுக்கு டிகேஎம்எஸ் பெரும்பாலும் தேவையே இல்லை. கர்னலோடு வரும் ஏஎம்டிஜிபியு போதும். ஏஎம்டிஜிபியு-இன்ஸ்டாலை நோ-டிகேஎம்எஸ் தேர்வோடு ஓட்டினால் இந்தத் தலைவலி மறுபடி வராது.

இன்டெல் லேப்டாப்தான் இருக்கிறது

சுருக்கமாகச் சொல்கிறேன். இன்டெலுக்கும் கம்ப்யூட் ரன்டைம் என்ற திறந்த மூல டிரைவர் உண்டு. சிஎல்இன்ஃபோ ஓட்டி பிளாட்ஃபார்ம் எண்ணிக்கை சுழி என்று வந்தால் இன்டெல்-ஓப்பன்சிஎல்-ஐசிடி தொகுப்பு இல்லை. ரூட்டில் வந்து உங்கள் கணக்கில் வரவில்லை என்றால் அதே ரெண்டர் குழு. புதுப் பதிப்பைத் தளத்திலிருந்து இறக்கியும் வரவில்லை என்றால் சிப்பின் தலைமுறையைப் பாருங்கள். 2024-ல் வந்த 24.35 பதிப்பில் எட்டு, ஒன்பது, பதினொன்றாம் தலைமுறை கிராபிக்ஸைத் தனி லெகசி தொகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே தலைமுறை என்பது கிராபிக்ஸின் தலைமுறை, கோர் ஐ5 பெட்டியில் போட்டிருக்கும் சிபியு தலைமுறை இல்லை. யுஎச்டி 620 உள்ள லேப்டாப்புக்கு லெகசி தொகுப்புதான்.

வாங்கப் போகிறீர்கள் என்றால்

தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால், கணினி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு நடக்கிற தூரம். போகும்போது உபுண்டு 24.04 லைவ் பென்டிரைவ் ஒன்றைச் சட்டைப்பையில் வையுங்கள். கடையின் டெஸ்ட் பெஞ்சில் கார்டை மாட்டி, பென்டிரைவில் பூட் செய்து, ‘ட்ரை உபுண்டு’ கொடுங்கள். ராக்எம் எதுவும் இறக்க வேண்டாம். எல்எஸ்பிசிஐயில் அடையாள எண்ணைப் பாருங்கள். பிறகு சிஸ் அடைவில் கிளாஸ், அதற்குள் கேஎஃப்டி, மறுபடி கேஎஃப்டி, டோபாலஜி, நோட்ஸ், 1 என்று போய், பிராப்பர்டீஸ் கோப்பைக் கேட் கட்டளையால் திறங்கள். 0 என்ற நோட் சிபியு. கடைப் பெஞ்சில் உள்ஜிபியு இருந்தால் 2-ஐயும் பாருங்கள். அந்தக் கோப்பில் ஜிஎஃப்எக்ஸ்_டார்கெட்_வெர்ஷன் என்று ஒரு வரி இருக்கும். 100302 என்றால் ஜிஎஃப்எக்ஸ் 1032, 110000 என்றால் 1100, 80003 என்றால் 803. அந்த நோட் அடைவே வரவில்லை என்றால் டிமெஸ்ஜியில் கேஎஃப்டி வரியைப் படித்து, தடுத்தது கார்டா, கடையின் போர்டா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.